வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு அணையும் சர்வர்கள்

போன வருடம் ஜூலையில், பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவில் இருக்கிற க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குக் கிளம்பினோம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் விடியற்காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தோம். வெளியே உறைபனியில் புல்லெல்லாம் வெள்ளை, உள்ளே புளியோதரை வாசம். என்12 சாலையில் டெல்மாஸ் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கெண்டல் அனல் மின் நிலையம் தெரியும். குளிர்விக்கும் கோபுரங்கள் ஆறு, ஒவ்வொன்றும் 165 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை மனதில் வைத்துப் பார்த்தேன், அதைவிட இரண்டரை மடங்காவது இருக்கும். அப்போதுதான் வெயில் வந்து ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தது. அழகாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும், ஆனால் கண்ணாடியை இறக்கினால் தொண்டையில் கந்தக நெடி.

அங்கிருந்து எமலாஹ்லேனி. பழைய பெயர் விட்பேங்க். எமலாஹ்லேனி என்றால் நிலக்கரி இருக்கும் இடம் என்று அர்த்தம். ஊருக்கு வேறு பெயர் வைக்கவே முடியாது, அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுரங்கம், ஒரு மின் நிலையம், சாலை முழுக்க கரி லாரிகள்.

மிடில்பர்க் தாண்டி அல்சு பெட்ரோபோர்ட்டில் நிறுத்தினோம். க்ரூகர் போகிறவர்கள் எல்லோரும் நிறுத்துகிற இடம், பெட்ரோல் பங்குக்குப் பின்னாலேயே வேலிக்குள் காண்டாமிருகம் மேயும். பிள்ளைகள் வேலியோரம் நிற்க, என் போன் அதிர்ந்தது. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிற எங்கள் அலுவலகத்தின் எச்சரிக்கை: டெஸ்ட் சூழலில், அதாவது மென்பொருளைச் சோதித்துப் பார்க்க மட்டும் வைத்திருக்கிற சர்வர்களில், ஒன்றின் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஃபிளாஸ்க்கை வண்டியின் மேல் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். டிஸ்க்கை நிரப்பியது லாக், சர்வர் தானாக எழுதிக்கொள்கிற குறிப்பேடு. லாக்கில் இருந்தது ஒரே ஒரு வரி, பத்து நொடிக்கு ஒரு முறை, ‘நலமாக இருக்கிறேன்’ என்று அந்த சர்வர் தன்னைத் தானே சோதித்துப் பார்த்து எழுதிக்கொண்ட வரி. டெவலப்பர்கள் பாதிப் பேர் விடுமுறையில், மீதிப் பேர் வேறு வேலையில். அந்தச் சூழலை ஆள் தொட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரமும் அது கெண்டலிலும் பக்கத்து டூவா மின் நிலையத்திலும் எரிகிற கரியில் ஓடியிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் கடந்து வந்த அதே கரியில்.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், கிளவுட், கிளவுட் என்று நாள் முழுக்கச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் அந்தச் சொல் எவ்வளவு மறைக்கிறது என்று உறைத்தது. நம் ஊரில் மேகம் என்றால் மழை, மனசு குளிரும். இந்த மேகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இசாண்டோ மாதிரி இடங்களில் ஜன்னலே இல்லாத கட்டடங்களில் இருக்கிறது, வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள் காவல் நிற்க. அதற்குள் போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி நான் கடந்து வந்த அந்தக் கரி மாகாணமான ம்புமலாங்காவிலிருந்து வருகிறது.

கொஞ்சம் எண்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே எண்தான் கதை. தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கணக்கிடும் முறையைப் பொறுத்து 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை கரியமில வாயு. ஸ்வீடனில் அதே ஒரு யூனிட்டுக்கு 50 கிராமுக்கும் கீழே, அங்கே நீர்மின்சாரம், அணு, காற்றாலை. அதாவது ஒரே நிரல், ஒரே அளவு சர்வர், ஒரே நேரம் ஓடினாலும், ஜோகன்னஸ்பர்க்கில் ஓடினால் ஸ்டாக்ஹோமில் ஓடுவதைவிடப் பத்து இருபது மடங்கு புகை. நிரலை எவ்வளவு செதுக்கினாலும் இருபது மடங்கு வேகம் கிடைப்பது அபூர்வம், ஆனால் இருபது மடங்கு வித்தியாசம் சும்மா ஊர் மாறினாலே இருக்கிறது. அதனால்தான் ஐரோப்பாவில் இருப்பவர்கள் எழுதுகிற பசுமை மென்பொருள் அறிவுரைகளை அப்படியே எடுத்து நாம் பின்பற்றினால் சரிப்படாது. அவர்களுக்கு இருக்கிற பிரச்சினை வேறு, நமக்கு இருப்பது வேறு.

இங்கே அரசு மின் நிறுவனமான எஸ்காம் ஒரு யூனிட் உற்பத்தி செய்ய அரை கிலோவுக்கும் மேல் நிலக்கரி எரிக்கிறது, ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவழிக்கிறது. இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். எங்கள் ஆட்கள் டெஸ்ட் சூழலைத் தொடுவது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 முதல் மாலை 7 வரை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 60 மணி நேரம். மீதி 108 மணி நேரம் அது சும்மா ஓடுகிறது. 200 வாட் இழுக்கிற ஒரு சர்வர் அந்த 108 மணி நேரத்தில் 21.6 யூனிட் எடுக்கும், வருடத்துக்கு 1,123 யூனிட். அரை டன்னுக்கும் மேல் நிலக்கரி, சுமார் 1,500 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு டன் கரியமில வாயு. எங்கள் வீட்டுப் பின்புறம் 2,500 லிட்டர் ஜோஜோ டேங்க் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வராத நாளுக்கு. அதில் பாதிக்கு மேல், ஒரே ஒரு சும்மா ஓடுகிற சர்வருக்கு. குழாய் வறண்ட நாட்களில் பக்கெட் தூக்கியவர்களுக்கு இது புரியும்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் அணியில் இருக்கிற மதுரைத் தம்பியைக் கூப்பிட்டு உட்கார்ந்தேன். ‘அக்கா, அணைக்கிறது ஈஸி, திரும்ப ஏத்துறதுதான் வேலை’ என்றான். அவன் சொன்னதுதான் நடந்தது. நிறுத்துகிற ஸ்கிரிப்ட் நாற்பது வரி, ஒரு மதியத்தில் முடிந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு டேக், யாருடையது, எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று. முதல் வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு எல்லாம் ஒழுங்காக நின்றது. திங்கள் காலை 7 மணிக்கு எழுந்தது பாதிதான். அப்ளிகேஷன் சர்வர்கள் டேட்டாபேஸுக்கு முன்னால் எழுந்துவிட்டன, டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு அப்படியே படுத்துவிட்டன. அப்புறம் ஒரு சேவை, அதன் கடவுச்சொல் நினைவகத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது, யாரோ மூன்று வருடத்துக்கு முன்னால் கையால் தட்டியது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அன்று காலை ஒன்பதரை வரை பத்துப் பேர் வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள், மேலாளரின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஆனால் அந்தத் திங்கள்கிழமைதான் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. அணைத்து ஏற்ற முடியாத ஒரு அமைப்பு என்பது ஏற்கெனவே உடைந்த அமைப்பு, அணையாத வரைக்கும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். 2023இல் லோட் ஷெடிங் ஆறாம் கட்டத்தில் இருந்தபோது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் வீட்டை ஓட்டினோமே, ஃப்ரிட்ஜ், கீசர், கேட் மோட்டார் எல்லாம் போய்ப் போய் வந்தன, அதற்குத் தக்கபடி எல்லாவற்றையும் பழக்கினோமே. வீட்டுக்குச் செய்ததை அலுவலகத்துக்குச் செய்யவில்லை, ஏனென்றால் டேட்டா சென்டரில் கரண்ட் போகாது. போகாமல் இருக்க அவர்கள் டீசல் எரித்தார்கள். மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் சரி செய்தோம். டேட்டாபேஸ் முதலில், அப்புறம் மற்றது, கடவுச்சொற்கள் பெட்டகத்தில். இப்போது யாராவது சனிக்கிழமை வேலை செய்ய வேண்டும் என்றால் சாட்டில் ஒரு கட்டளை தட்டினால் நான்கு மணி நேரத்துக்கு எழுந்துகொள்ளும். கிளவுட் பில்லில் டெஸ்ட் சூழலின் கம்ப்யூட் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிட்டது. மேலாளர் சிரித்தது பில்லைப் பார்த்துத்தான், பரவாயில்லை, எந்தக் காரணத்துக்கு அணைந்தாலும் அணைந்தது அணைந்ததுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நீ உன் மெஷினை நிறுத்தினால் கிளவுட் நிறுவனத்தின் கட்டடத்தில் நிஜ சர்வர் அணைகிறதா? உடனே அணையாது, நாம் வைத்திருப்பது அதில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்குதான். நாம் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். சும்மா இருக்கிற சர்வரும் மின்சாரம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 2007இல் கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் இதைத்தான் எழுதினார்கள், அன்றைய சர்வர்கள் வேலையே இல்லாதபோதும் முழு வேகத்தில் இழுப்பதில் பாதியளவு இழுத்தன. இன்றைக்கு நிலைமை மேல், ஆனாலும் பூச்சியம் இல்லை. எனவே நாம் விடுகிற இடத்தின் பலன் கொஞ்சம் தள்ளித்தான் வருகிறது: ஏற்கெனவே இருக்கிற சர்வர்கள் நெருக்கமாக நிரம்புகின்றன, அடுத்த வரிசை சர்வர் வாங்குவது தள்ளிப்போகிறது. ஒரு சர்வர் தொழிற்சாலையில் உருவாகும்போதே வெளியேறுகிற கரியமில வாயுவும் இதில் சேரும். பசுமை மென்பொருள் அறக்கட்டளையின் எஸ்சிஐ என்கிற அளவுகோல் அதனால்தான் இரண்டையும் கூட்டுகிறது, ஓடும்போது எடுக்கிற மின்சாரத்தின் கரியமில வாயு ஒரு பக்கம், கருவி செய்யப்பட்டபோது வெளியான வாயுவில் நம் பங்கு மறுபக்கம், கூட்டியதை ஒரு வாடிக்கையாளருக்கு அல்லது ஒரு பரிவர்த்தனைக்கு என்று வகுத்துப் பார்க்கிறது. 2024இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் வந்துவிட்டது. நாங்கள் ‘ஒரு பில் போடுவதற்கு எவ்வளவு’ என்று வகுக்கிறோம். வாடிக்கையாளர் கூடினால் மொத்தம் ஏறும், அது இயல்பு. ஒரு பில்லுக்கான கணக்கு ஏறினால்தான் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நேரத்தை மாற்றுவது. கரி குறைவாக இருக்கிற நேரத்தில் கனமான வேலைகளை ஓட்டுங்கள் என்று எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். எங்கள் அறிக்கைகள், பேக்கப் எல்லாம் மாலை 6 மணிக்குத் தொடங்கும்படி வைத்திருந்தோம். அதை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டால் பசுமை என்று நினைத்தேன். எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், மின் நிலையத்தில் பல வருடம் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத் தாத்தா வடாற்காட்டிலிருந்து நேட்டால் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர், ஆயா, அதாவது பாட்டி, கையில் வளர்ந்ததால் தமிழ் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

‘ராத்திரியில கரி இல்லன்னு யார் சொன்னதும்மா?’ என்று குழாயை மூடினார். ‘பாய்லர் கேஸ் அடுப்பு மாதிரி இல்ல. அணைச்சா திரும்ப ஏத்த ஒரு நாள் ஆகும். ராத்திரி தேவை குறைஞ்சாலும் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும், கொஞ்சம் அடக்கி வைப்போம், அவ்வளவுதான். மோசமானது சாயங்காலம். எல்லாரும் வீட்டுக்கு வந்து சமைக்கிற நேரம். கரி போதாம டீசலையும் ஊத்துவான். நீ அஞ்சிலேருந்து ஒன்பது வரைக்கும் கைய வைக்காத.’

அவர் சொன்ன டீசல், அட்லாண்டிஸ் பக்கம் அங்கர்லிக், மோசல் பே பக்கம் கோரிக்வா என்று கடலோரத்தில் இருக்கிற டர்பைன்கள். அவசரத்துக்கு மட்டும் என்று கட்டப்பட்டவை, லோட் ஷெடிங் வருடங்களில் பெருமளவு எரித்தார்கள். இரவில் மலிவாக மிஞ்சுகிற மின்சாரத்தில் டிராகன்ஸ்பர்க், இங்குலா மாதிரி இடங்களில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள், அந்தத் தண்ணீரை ஏற்றியதும் கரிதான். அப்படியானால் நல்ல நேரம் எது? நடுப்பகல். 2023இல் பட்ட பாட்டில் கூரைமேல் சோலார் போடாத ஆள் இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது, கூரைச் சோலார் 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்பது எஸ்காமின் மதிப்பீடு. பகல் 11 முதல் 2 வரை கரி நிலையங்களின் மேல் சுமை இறங்குகிறது.

ஆகவே அறிக்கைகளை மதியத்துக்கு மாற்றினோம், வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சல் வராமல் டேட்டாபேஸின் நகலிலிருந்து படிக்கும்படி. பேக்கப் இரவு 11க்கு மேல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதில் மிச்சம் சொற்பம்தான். ஐந்தில் நான்கு பங்கு கரியாக இருக்கிற நாட்டில் மணியை மாற்றினால் ஓரளவுதான் மாறும். மாலை உச்ச நேரத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் செய்யலாம். சும்மா ஓடுவதை நிறுத்துவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஊரை மாற்றுவது பெரிய விஷயம், ஆனால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. வாடிக்கையாளர் விவரங்களுக்கு இங்கே போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நாட்டுக்கு வெளியே அனுப்ப நிபந்தனைகள் உண்டு, அது நியாயமான சட்டம், அதைச் சுற்றி வளைத்துப் போக எனக்கு விருப்பம் இல்லை. கடை கவுண்டரில் நின்று பில் போடுகிறவருக்கு ஐரோப்பா போய்த் திரும்புகிற தாமதமும் எரிச்சல். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் கடலடிக் கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தபோது என்ன பாடு பட்டோம் என்பதும் நினைவிருக்கிறது. ஆனால் கற்பனைத் தரவை வைத்து ஓட்டுகிற சோதனைகள், நிரலைத் தொகுக்கிற வேலை, சுமைச் சோதனை, இவையெல்லாம் எங்கே ஓடினால் என்ன? யாரும் காத்திருக்கவில்லை, யாருடைய அடையாள எண்ணும் அதில் இல்லை. அவற்றை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பிவிட்டோம். அணியில் ஒருவர் கேப் டவுனுக்கு அனுப்பலாமே, பக்கத்தில் கூபெர்க் அணுமின் நிலையம் இருக்கிறதே என்று கேட்டார். நாடு முழுக்க ஒரே மின்கட்டமைப்பு, கூபெர்க் மின்சாரம் கேப் டவுனுக்கு மட்டும் என்று வேலி போட்டுப் பிரிக்க முடியாது.

அப்புறம் பெரிய நிறுவனங்கள் காட்டுகிற கணக்கு. சில கிளவுட் நிறுவனங்களின் கார்பன் அறிக்கையைத் திறந்தால் உங்கள் மின்சாரத்தின் கரியமில வாயு கிட்டத்தட்ட பூச்சியம் என்று வரும். வருடம் முழுக்க எடுத்த மின்சாரத்துக்குச் சமமாக எங்கேயோ சோலாரும் காற்றாலையும் வாங்கியதாகக் கணக்கு. அந்த முதலீடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதனால் நிஜமாகவே புதுச் சோலார் நிலங்கள் வருகின்றன. ஆனால் இரவு 8 மணிக்கு ஜோகன்னஸ்பர்க்கில் ஓடுகிற சர்வருக்கு அந்த நிமிடம் கரண்ட் கொடுத்தது எது என்பது தனிக் கேள்வி. நிறுவனங்கள் தங்கள் வெளியேற்றத்தைக் கணக்கிடப் பின்பற்றுகிற கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் 2015இலிருந்தே இரண்டு கணக்கையும் காட்டச் சொல்கிறது, வாங்கியதை வைத்து ஒன்று, இருக்கிற இடத்தை வைத்து ஒன்று. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் யூனிட்டை வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கூகுள் தன் மொத்த வெளியேற்றம் 2019லிருந்து 2023க்குள் 48 சதவீதம் ஏறியதாகத் தானே அறிவித்தது, மைக்ரோசாஃப்ட் 2020லிருந்து 2023க்குள் 29 சதவீதம். ஏஐக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் அதில் பெரிய காரணம். இவ்வளவு சோலார் வாங்கியும் ஏறுகிறது.

ஏஐ என்றதும் ஒன்று. வாடிக்கையாளர் புகார்களை ஏழு வகையாகப் பிரிக்க எங்கள் இன்னொரு அணி ஒரு பெரிய மொழி மாதிரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொரு புகாருக்கும் ஒரு முறை. ஒரு கேள்விக்கான மின்சாரம் சிறியது, கூகுள் தன்னுடைய ஜெமினியில் ஒரு சாதாரண எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி என்று 2025இல் சொன்னது. தனி ஆள் ஒரு நாளைக்கு நாலு கேள்வி கேட்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் இரவும் பகலும் தானாகக் கேட்கிற நிரல் வேறு. பழைய பாணியில் ஒரு சின்ன வகைப்படுத்தியை ஒரு லேப்டாப்பிலேயே பயிற்றுவித்தோம், அந்த ஏழு வகைக்கு அதுவே போதுமாக இருந்தது. உலகத்தின் டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் சுமார் 415 டெராவாட்-மணி எடுத்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு, அது உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம், இந்த நாடு முழுவதும் ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2030க்குள் 945ஐத் தொடும் என்கிறார்கள்.

இனி கோயில் கதை. தைப்பூசக் காவடி முடிந்து ஒரு வாரத்தில் கோயில் சங்கத்துச் செயலாளர் அழைத்தார். ‘பிள்ளை, வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது, ஆயாமார் எல்லாம் போட்டோ பாக்க முடியலன்னு சண்டை போடறாங்க.’ திறந்து பார்த்தேன். கேமராவிலிருந்து எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஏழெட்டு எம்பி, ஒரே பக்கத்தில் அறுபது. மேலே தானாக ஓடுகிற ஒரு வீடியோ வேறு. ப்ரீபெய்டில் நூறு எம்பி போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுகிற பாட்டிக்கு, பேரன் வேல் குத்தின படத்தைப் பார்க்கும் முன்பே டேட்டா தீர்ந்துவிடும். டேட்டா விலை குறைய வேண்டும் என்று 2016இல் நாடே குரல் கொடுத்தது, அதற்கப்புறமும் ஏழைக்கு அது செலவுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் போதுமாக இருந்தது. படங்களின் அகலத்தை 1,200 பிக்ஸலுக்குக் குறைத்து வெப்பி வடிவத்துக்கு மாற்றினேன், ஒவ்வொன்றும் 150 கேபிக்குள் வந்தது. திரையில் வருகிறபோது மட்டும் படம் இறங்கும்படி ஒரு சொல் சேர்த்தேன். வீடியோவைத் தட்டினால் மட்டும் ஓடும்படி ஆக்கினேன். அசல் படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கோயில் அலுவலக பீரோவில் வைத்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போனபோது, கண்ணாடியில் பூக்கோலம் மாதிரி விரிசல் விழுந்த ஒரு பழைய சாம்சங் போனை நீட்டி, ‘பாரு, என் பேரன், முதுகு பூரா எலுமிச்சம்பழம்’ என்று ஒரு பாட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினார். போன் திணறவே இல்லை.

அந்தப் போன்தான் முக்கியம். இணையத்தில் ஒரு ஜிபி நகர்ந்தால் இத்தனை கிராம் கரியமில வாயு என்று சொல்கிற கணக்குகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ரவுட்டர்கள் டேட்டா போனாலும் போகாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே மின்சாரத்தைத்தான் எடுக்கின்றன. மின்னஞ்சல் அழித்து உலகைக் காப்பாற்றுங்கள் என்பதும் அப்படித்தான், அதில் செலவழிக்கிற நேரத்தை ஒரு சும்மா ஓடுகிற சர்வரைத் தேடச் செலவழிக்கலாம். ஆனால் ஒரு ஸ்மார்ட்போனின் வாழ்நாள் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. நம் செயலி கனத்துப் போய் அந்தப் பாட்டி புதுப் போன் வாங்க வேண்டி வந்தால், அது நாம் செய்த வேலை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் பொதுவாக முடிந்தபோது நன்றாக ஓடுகிற எத்தனை கணினிகளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. எங்கள் பில் செயலி பழைய ஆண்ட்ராய்டில், 2 ஜிபி நினைவகத்தில் ஓட வேண்டும் என்று இப்போது விதி வைத்திருக்கிறோம். அப்படி ஒரு போனை ஆன்லைனில் தேடி வாங்கி மேசையிலேயே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வெளியீடும் முதலில் அதில் ஓடிப் பார்க்க வேண்டும்.

சிலர் கேட்கிறார்கள், நீங்கள் நாலு சர்வர் அணைத்தால் கெண்டல் நின்றுவிடுமா என்று. நிற்காது. ஆனால் 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்தக் கரி வட்டாரமான ஹைவெல்டின் காற்று மாசு அங்கே வாழ்கிறவர்களின் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. எமலாஹ்லேனி, பிள்ளைகள் இன்ஹேலரோடு பள்ளிக்கூடம் போகிற ஊர். கரியை மூடுவது எப்போது, சுரங்க வேலை போகிறவர்களுக்கு என்ன வழி என்பதெல்லாம் அரசும் எஸ்காமும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், அவர்களை விடவும் கூடாது. என் கையில் இருப்பது, யாருக்கும் பயன்படாமல் எரிகிற அந்த 108 மணி நேரம். அதற்கு எஸ்காமின் அனுமதி வேண்டியதில்லை, அமைச்சரின் கையெழுத்து வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு அணிகள் ஸ்கிரிப்டைக் கேட்டு வாங்கியிருக்கின்றன. எங்கள் பட்டியலில் இன்னும் ஒரு மெஷின் மட்டும் பாக்கி. ‘நிறுத்தாதே’ என்று டேக் போட்டிருக்கிறது, போட்டவர் 2022இல் வேலையை விட்டுப் போய்விட்டார், என்ன செய்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்த்தேன், மூன்று மாதமாக வெளியிலிருந்து ஒரு கோரிக்கையும் இல்லை. எல்லா அணிகளுக்கும் மூன்று முறை அஞ்சல் அனுப்பியாயிற்று. வருகிற வெள்ளி மாலை 7 மணிக்கு அதையும் நிறுத்துகிறோம். மதுரைத் தம்பி அன்று இரவு போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். 30 நாளைக்குள் யாரும் கேட்கவில்லை என்றால் டிஸ்க், ஸ்நாப்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடுவோம்.